குற்றவியல் நீதி படிக்க வெளிநாடு செல்வோர் கவனத்துக்கு

மனித இதயம் மதுரையிலும் மிச்சிகனிலும் மார்பின் ஒரே பக்கத்தில்தான் துடிக்கிறது என்பதால், மருத்துவம் படித்தவர் நாடு மாறினாலும் கற்றதில் பெரும்பகுதி அவருடன் வந்துவிடுகிறது. குற்றவியல் நீதி அப்படிப்பட்ட படிப்பு அல்ல. ஒருவரை எப்போது கைது செய்யலாம், எத்தனை மணி நேரம் வைத்திருக்கலாம், அவர் வீட்டைச் சோதனையிட்டு எடுத்த பொருளைச் சாட்சியமாகக் காட்டலாமா என்பவையெல்லாம் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. எனவே இந்தத் துறையில் இளங்கலை படிக்க வெளிநாடு செல்ல நினைக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரும் அவருடைய பெற்றோரும், பல்கலைக்கழகங்களைத் தேடத் தொடங்கும் முன்பே, படிப்பு முடிந்தபின் எந்த நாட்டில் என்ன வேலை என்பதைப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பட்டத்துக்கு மிகுதியான மாணவர்கள் சேரும் அமெரிக்காவை முதன்மையாகவும், இங்கிலாந்தை ஒப்பீட்டுக்காகவும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

படிப்பு என்ன, எங்கிருந்து வந்தது

காவல், நீதிமன்றம், சிறை ஆகிய மூன்றும் எப்படி இயங்குகின்றன, ஏன் அப்படி இயங்குகின்றன, எங்கே தவறுகின்றன என்பதே இப்படிப்பின் உள்ளடக்கம். குற்றம் ஏன் நிகழ்கிறது என்பதை ஆராயும் குற்றவியல் இதற்கு அண்ணன் முறை. அமெரிக்காவில் இது காவலர்களுக்கான படிப்பாகவே பிறந்தது. பெர்க்லி நகரக் காவல்துறைத் தலைவர் ஆகஸ்ட் வோல்மர் 1916இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் காவல் பணி வகுப்புகளைத் தொடங்கிவைத்தார். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1935 முதல் இத்துறையில் பாடம் நடத்துகிறது. நியூயார்க்கின் ஜான் ஜே கல்லூரி 1964இல் காவல் அறிவியல் கல்லூரியாகத் தோன்றியது. 1968இல் இயற்றப்பட்ட ஒரு கூட்டாட்சிச் சட்டம் காவலர்கள் பட்டம் பெறுவதற்கு நிதி அளிக்கத் தொடங்கியதும் நாடெங்கும் இத்துறைகள் முளைத்தன. இங்கிலாந்திலோ இப்பாடம் சமூகவியலின் மடியில் வளர்ந்தது. அங்கே பெரும்பாலும் ‘குற்றவியல்’ என்ற பெயரிலேயே பட்டம் கிடைக்கும்.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க வகுப்பில் நடைமுறையும் வழக்குகளும் களப்பயிற்சியும் மிகுதி. ஆங்கிலேய வகுப்பில் கோட்பாடும் நீண்ட கட்டுரைகளும் மிகுதி. அமெரிக்கப் பட்டம் பொதுவாக நான்கு ஆண்டு, சுமார் 120 கிரெடிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு). அதில் முதல் ஆண்டின் பெரும்பகுதி ஆங்கிலக் கட்டுரை, கணிதம், அறிவியல் போன்ற பொதுப்பாடங்களிலேயே கழியும். இங்கிலாந்தில் மூன்றே ஆண்டு. முதல் வாரத்திலிருந்தே துறைப் பாடம்.

வேலை என்ற முதல் கேள்வி

தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துவிட்டு எஃப்பிஐயில் சேரலாம் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எஃப்பிஐ உள்ளிட்ட அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுப் பணிகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். பல மாநிலக் காவல்துறைகளும் குடியுரிமையையோ நிரந்தரக் குடியிருப்பு உரிமையையோ கேட்கின்றன. இங்கிலாந்தில் காவலராகச் சேரும் வெளிநாட்டவருக்குக் கால வரம்பற்ற தங்கும் உரிமை இருக்க வேண்டும். ஆகவே அங்குள்ள சில பல்கலைக்கழகங்களின் ‘தொழில்முறைக் காவல் பணி’ என்ற பட்டத்தைக் கண்டு மயங்க வேண்டாம். மாணவர் விசாவில் செல்பவருக்கு அந்தப் பட்டத்தின் முதன்மைப் பயன் கைக்கு எட்டாது.

படித்து முடித்தபின் அமெரிக்காவில் ஓபிடி என்ற அனுமதியின்கீழ் 12 மாதம் துறை சார்ந்த வேலை பார்க்கலாம். அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள பாடங்களைப் படித்தவர்களுக்கு மேலும் 24 மாதம் கிடைக்கும். குற்றவியல் நீதி அந்தப் பட்டியலில் இல்லை, தடயவியலும் கணினித் தடயவியலும் இருக்கின்றன. ஒரே வளாகத்தில் அடுத்தடுத்த அறைகளில் படிக்கும் இருவருக்கு இடையே இரண்டு ஆண்டு வேறுபாடு வருவது இதனால்தான். எனவே சேர்க்கைக் கடிதம் வந்ததும், மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் உங்கள் பாடத்துக்கு என்ன குறியீடு எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 43.0104 என்று இருந்தால் அது பொதுவான குற்றவியல் நீதி. 12 மாதம் மட்டுமே. இங்கிலாந்தில் பட்டம் முடித்தோருக்கான விசா இதுவரை இரண்டு ஆண்டாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது.

இந்தியா திரும்புவது திட்டம் என்றால் கணக்கு வேறு. ஐபிஎஸ் அதிகாரியாக ஆசைப்படுபவர் எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் குடிமைப் பணித் தேர்வு எழுதலாம். தமிழக உதவி ஆய்வாளர் தேர்வுக்கும் அப்படியே. அதற்காக மட்டும் கடல் தாண்டுவது வீண். வக்கீலாக வேண்டும் என்பவருக்குச் சட்டப் படிப்பு தனியாகத் தேவை. குற்றவியல் நீதிப் பட்டம் கறுப்பு அங்கியைத் தராது. அரசுத் தடய ஆய்வகப் பணிகளுக்கு வேதியியல், உயிரியல் போன்ற அறிவியல் பட்டம் கேட்பார்கள். இவ்வளவும் கழிந்தபின் எஞ்சுவது யாருக்கு என்றால், ஆய்வுப் பணிக்கும் ஆசிரியப் பணிக்கும் போக நினைப்பவர்கள், சிறைச் சீர்திருத்தம், சிறார் நீதி, பாதிக்கப்பட்டோர் உதவி ஆகியவற்றில் இயங்கும் அமைப்புகளில் வேலை செய்ய விரும்புபவர்கள், வங்கிகளின் பணமோசடித் தடுப்புப் பிரிவுகளை நோக்கிப் போகிறவர்கள். கடைசியில் சொன்ன வேலை சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலேயே நிறைய இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை.

ஒரு மாற்று வழியையும் சொல்லாமல் விட முடியாது. இங்கேயே ஏதாவதொரு இளங்கலை முடித்து, சென்னைப் பல்கலைக்கழகத்திலோ திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ குற்றவியல் முதுகலை படிப்பதும், அல்லது முதுகலைக்கு மட்டும் வெளிநாடு செல்வதும் பணவசதி குறைந்த குடும்பங்களுக்கு நல்ல வழி என்பது என் கருத்து. நடுவண் அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையும், பிரிட்டனின் செவனிங் உதவித்தொகையும் இளங்கலைக்குக் கிடையாது. அவை அதற்கு மேற்பட்ட படிப்புகளுக்கு உரியவை.

பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தல்

தரவரிசைப் பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டுப் பாடப்பட்டியலைத் திறந்து படியுங்கள். ஆய்வு முறையியலும் புள்ளியியலும் கட்டாயப் பாடங்களாக இருக்கின்றனவா, குற்றச் சட்டத்துக்கும் குற்ற விசாரணை நடைமுறைக்கும் தனித்தனிப் பாடங்கள் உண்டா, களப்பயிற்சிக்குக் கிரெடிட் தருகிறார்களா என்பவற்றைப் பாருங்கள். இந்தியா திரும்பப் போகிறவருக்குப் புள்ளியியல் பாடமே பெரிய சொத்து. ஒகாயோ மாநிலச் சட்டத்தின் பிரிவு எண்கள் அல்ல. மேரிலாந்து, சின்சினாட்டி, ஆல்பனி ஆகிய இடங்களில் உள்ள துறைகள் ஆய்வில் பெயர் பெற்றவை. ஜான் ஜே கல்லூரி நியூயார்க் நகரப் பொதுப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதால் தனியார் கல்லூரிகளைவிடக் கட்டணம் குறைவு; ஆனால் மன்ஹாட்டன் வாடகை அந்த மிச்சத்தை விழுங்கிவிடும்.

அமெரிக்காவில் இப்பட்டத்தை இணையவழியில் வழங்கும் நிறுவனங்கள் ஏராளம். அவை பணியில் இருக்கும் காவலர்களை மனத்தில் வைத்து நடத்தப்படுபவை. எஃப்-1 என்ற அமெரிக்க மாணவர் விசாவில் இருப்பவர் ஒரு பருவத்தின் முழுநேரச் சுமையில் ஒரே ஒரு இணையவழிப் பாடத்தை மட்டுமே கணக்கில் சேர்க்க முடியும். இளங்கலையில் முழுநேரம் என்பது பருவத்துக்கு 12 கிரெடிட். முழுப் படிப்பும் இணையத்தில்தான் என்றால் ஐ-20 கிடைக்காது. கல்லூரிக்கு அங்கீகாரம் அளித்த அமைப்பு எது என்பதையும், வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அரசு அனுமதி உண்டா என்பதையும் ஏஜென்ட் வாய்ச்சொல்லை நம்பாமல் நீங்களே சரிபார்க்க வேண்டும்.

செலவைக் குறைக்க அங்குள்ளவர்களே பயன்படுத்தும் ஒரு வழி, முதல் இரண்டு ஆண்டைச் சமுதாயக் கல்லூரியில் முடித்து, சுமார் 60 கிரெடிட்டுடன் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர்வது. கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் இப்பாடத்துக்கு ‘நீதி நிர்வாகம்’ என்று பொருள்படும் பெயர் இருக்கும் என்பதால், குற்றவியல் நீதி என்று தேடுபவர் கண்ணில் அது படாமல் போகலாம். எந்தப் பல்கலைக்கழகம் எந்தக் கிரெடிட்டை ஏற்கும் என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பமும் நோக்கக் கட்டுரையும்

அமெரிக்காவுக்குப் பல கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். முன்கூட்டிய சேர்க்கை பெரும்பாலும் நவம்பர் தொடக்கத்திலும், வழக்கமான சேர்க்கை ஜனவரியையொட்டியும் முடியும். இங்கிலாந்துக்கு யூகாஸ் என்ற பொதுச் சேர்க்கை அமைப்பின் வழியாக ஒரே விண்ணப்பத்தில் ஐந்து இடங்கள் வரை கேட்கலாம். அமெரிக்கக் கல்லூரிகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மதிப்பெண் கேட்கும். நம் பள்ளி அலுவலகங்களில் பத்து, பன்னிரண்டின் அரசுச் சான்றிதழ்கள் மட்டுமே தயாராக இருக்கும். ஒன்பதும் பதினொன்றும் பதிவேட்டைப் புரட்டி எழுத வேண்டியவை. அரையாண்டுத் தேர்வு நெரிசலில் தலைமையாசிரியர் மேசைமுன் நிற்காமல், ஜூலை மாதமே பள்ளியின் பெயர் பொறித்த தாளில் அதுவரை முடிந்த வகுப்புகளின் மதிப்பெண்களைத் தட்டச்சு செய்து, கையொப்பமும் முத்திரையும் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

நோக்கக் கட்டுரையில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். 2026 சேர்க்கையிலிருந்து யூகாஸ் கட்டுரை மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டு, மொத்தம் 4,000 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும்: ஏன் இந்தப் பாடம், இதுவரை படித்தது அதற்கு எப்படி உதவியது, வகுப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். நான் திருத்திக் கொடுத்த ஒரு மாணவியின் முதல் வரைவு, சிறு வயது முதலே நீதியின்மேல் தனக்குத் தணியாத தாகம் என்று தொடங்கியது. அதைக் கிழித்துப்போடச் சொல்லிவிட்டு, அவர் ஊர்க் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்துவிட்டு வரச் சொன்னேன். நம் நாட்டில் குற்ற வழக்கு விசாரணை பொதுவாகத் திறந்த நீதிமன்றத்தில் நடப்பது. பின்வரிசையில் சத்தமில்லாமல் அமர்ந்து யாரும் பார்க்கலாம். அவர் திரும்பி வந்து எழுதியது இப்படித் தொடங்கியது: அரை மணி நேரத்தில் பதினோரு பெயர்கள் கூப்பிடப்பட்டன, ஒன்பதுக்கு வாய்தா, ரிமாண்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஒருவர், தனக்கு வக்கீல் இல்லை என்பதைக் கேட்டபிறகுதான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்வி, இத்தனை வாய்தாக்களால் யார் இழக்கிறார்கள் என்பது. சேர்க்கைக் குழுவினர் தேடுவது இப்படியொரு கேள்வியைத்தான்.

பணமும் விசாவும்

அமெரிக்க எஃப்-1 விசாவுக்கு வரிசை இதுதான்: ஐ-20 பெறுதல், 350 டாலர் செவிஸ் கட்டணம் (வெளிநாட்டு மாணவர் பதிவேட்டுக்கானது), இணைய விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவம், 185 டாலர் விசாக் கட்டணம், பிறகு சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால் கட்டும் நாளில் அரசுத் தளத்தில் பார்த்துக் கட்டுங்கள். முதல் ஆண்டுச் செலவை ஈடுகட்டும் பணத்துக்கு ஆதாரம் வேண்டும். படிக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம் என்றாலும், அந்த வருமானம் கைச்செலவுக்கே சரியாக இருக்கும். கல்விக் கட்டணத்துக்கு அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

நேர்காணல் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். படிப்பு முடிந்து திரும்புவீர்கள் என்று அதிகாரி நம்ப வேண்டும் என்பதே சட்டத்தின் எதிர்பார்ப்பு. ‘ஏன் இந்தப் பாடம்?’ என்ற கேள்விக்கு, அமெரிக்கப் புலனாய்வு அமைப்பில் சேர ஆசை என்று சொல்லும் மாணவர், நடக்கவே முடியாத ஒன்றையும் திரும்பி வரும் எண்ணம் இல்லை என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். இந்தியாவில் எந்த வேலைக்கு இந்தப் பட்டம் எப்படிப் பயன்படும் என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிப் பழகுங்கள். 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப் பார்வைக்குத் திறந்துவைக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு கேட்கிறது. கடந்த ஐந்து ஆண்டில் பயன்படுத்திய கணக்குகளின் பெயர்களும் படிவத்தில் கேட்கப்படும். பழைய கணக்கு ஒன்றை மறைப்பது, அதில் உள்ள விளையாட்டுப் பேச்சைவிட ஆபத்தானது.

இங்கிலாந்துக்குப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை உறுதி எண், காசநோய்ப் பரிசோதனைச் சான்று, ஆண்டுக்கு 776 பவுண்ட் மருத்துவக் கட்டணம் ஆகியவை தேவை. வாழ்க்கைச் செலவுக்கு லண்டனில் மாதம் 1,529 பவுண்ட், வெளியே 1,171 பவுண்ட் என ஒன்பது மாதத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் குறையாமல் கணக்கில் இருந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள், யாருடைய கல்யாணச் செலவுக்கோ எடுத்துவிட்டுத் திருப்பிப் போட்டாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்.

வகுப்பில் அமர்ந்தபின்

அமெரிக்க வகுப்பில் முதலில் பழக வேண்டியது ஒரு தீர்ப்பை ஒரு பக்கத்தில் சுருக்குவது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1968இல் தீர்ப்பளித்த டெர்ரி வழக்கை எடுத்துக்கொள்வோம். நிகழ்வு: கிளீவ்லாந்து நகரில் 1963 அக்டோபர் 31 அன்று, 39 ஆண்டு காவல் அனுபவம் உள்ள மெக்ஃபேடன் என்ற துப்பறிவாளர், இரண்டு பேர் மாறி மாறி ஒரு கடை ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதைக் கவனிக்கிறார்; கொள்ளைக்கு நோட்டமிடுகிறார்கள் என்று சந்தேகித்து, நிறுத்தி, மேலாடையைத் தடவிப் பார்த்ததில் துப்பாக்கி கிடைக்கிறது. கேள்வி: கைது செய்யப் போதுமான காரணம் இல்லாதபோது இப்படித் தடவிப் பார்ப்பது, நியாயமற்ற சோதனையைத் தடுக்கும் அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்தை மீறுமா? முடிவு: எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், மீறாது. காரணம்: அதிகாரி குறிப்பிட்டுச் சொல்லக்கூடிய உண்மைகளின் அடிப்படையில் எழும் நியாயமான சந்தேகம், ஆயுதத்துக்கான மேலோட்டமான சோதனைக்குப் போதும். மாறுபட்ட கருத்து: நீதிபதி டக்ளஸ், நீதிமன்றம்கூடத் தர முடியாத அதிகாரத்தைக் காவலருக்குத் தருகிறீர்கள் என்றார். நிகழ்வு, கேள்வி, முடிவு, காரணம், மாறுபாடு என்ற இந்த ஐந்து வரிக் கட்டத்தில் வாரத்துக்கு நான்கைந்து தீர்ப்புகள் எழுதிப் பழகினால் தேர்வு அறையில் கை நடுங்காது.

கூடவே நான் வற்புறுத்தும் பழக்கம் ஒன்று உண்டு: ஒவ்வொரு தாளின் அடியிலும் ‘இந்தியாவில் எப்படி?’ என்று ஒரு வரி எழுதுவது. அமெரிக்காவில் சட்டத்துக்குப் புறம்பாகக் கைப்பற்றிய சாட்சியத்தை நீதிமன்றம் பொதுவாக ஏற்காது. மாநில நீதிமன்றங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது 1961இன் மேப் வழக்கு. நம் உச்ச நீதிமன்றமோ 1973இல் பூரண் மல் வழக்கில், வழக்குக்குத் தொடர்புடைய சாட்சியம் என்றால் சோதனையில் குறை இருந்தது என்பதற்காக மட்டும் அதை ஒதுக்க வேண்டியதில்லை என்றது. காவலில் வைத்து விசாரிக்கும் முன் உரிமைகளைச் சொல்ல வேண்டும் என்ற 1966இன் மிராண்டா தீர்ப்புக்குப் பக்கத்தில், கைதின்போது காவலர் பின்பற்ற வேண்டியவற்றை வகுத்த 1996இன் டி.கே. பாசு தீர்ப்பை வைத்துப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால், பழைய பிரிவு எண்களை நினைவில் வைத்துக்கொண்டு திரும்புவதும் உதவாது. நான்கு ஆண்டு முடிவில் இந்தத் தாள்கள் சேர்ந்தால் அதுவே ஓர் ஒப்பீட்டு நூலுக்கான சரக்கு.

களப்பயிற்சிக்கு இரண்டாம் ஆண்டிலேயே அலையத் தொடங்க வேண்டும். அரசு வழக்கறிஞர் அலுவலகம், குற்றம் சாட்டப்பட்ட ஏழைகளுக்காக அரசுச் செலவில் வாதாடும் பொது எதிர்வழக்கறிஞர் அலுவலகம், நன்னடத்தை அலுவலகம் ஆகியவற்றில் பின்னணிச் சோதனை நடக்கும். சில இடங்கள் குடிமக்களை மட்டுமே எடுக்கும். பாதிக்கப்பட்டோர் உதவி அமைப்புகளிலும் பொது எதிர்வழக்கறிஞர் அலுவலகங்களிலும் கேட்டுப் பாருங்கள். வளாகத்துக்கு வெளியிலான பயிற்சிக்கு, ஓர் ஆண்டு முழுநேரப் படிப்பு முடிந்தபின், கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலர் முன்கூட்டியே அனுமதி பதிய வேண்டும். அதற்கு முன் ஒரு நாள் வேலை பார்த்தாலும் விசா நிலை போய்விடும். இந்தியாவில் குற்றப் பதிவு இல்லை என்ற சான்றிதழைப் புறப்படும் முன்பே பாஸ்போர்ட் சேவை வழியாக வாங்கிக் கையில் வைத்துக்கொண்டால் பின்னணிச் சோதனையில் தாமதம் குறையும். காவல் ரோந்து வண்டியில் மாணவரை ஏற்றிச் செல்லும் வழக்கம் பல அமெரிக்க நகரங்களில் உண்டு. பொறுப்பு விலக்குப் படிவத்தில் கையொப்பமிடச் சொல்வார்கள். ஓர் இரவு ரோந்து, ஒரு பருவத்துப் பாடத்தின் பாதியைக் கற்றுத் தந்துவிடும்.

திரும்பும்போது

வெளிநாட்டுப் பட்டத்தை இங்கே அரசுத் தேர்வுக்கோ மேற்படிப்புக்கோ காட்டும்போது இணைத்தன்மைச் சான்று கேட்பார்கள். நெடுங்காலமாக இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் இதை வழங்கிவந்தது. 2025 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) இதற்கெனத் தனி விதிமுறைகளை அறிவித்தது. எங்கே விண்ணப்பித்தாலும் கேட்கப்படும் காகிதங்கள் ஏறத்தாழ ஒன்றே என்பதால், ஒவ்வொரு பருவத்திலும் ஆசிரியர் தரும் பாடத்திட்டத் தாளைக் கோப்பில் சேர்த்து வாருங்கள். நான்கு ஆண்டு கழித்து அதைத் தேடினால் கல்லூரித் தளத்தில் இருக்காது. பட்டச் சான்றிதழுக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும், வேறு நாட்டில் ஏற்கப்படுவதற்காக ஆவணத்தை உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரையை ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். அமெரிக்காவில் அது கல்லூரி இருக்கும் மாநிலத்தின் அரசுச் செயலர் அலுவலகத்தில் கிடைக்கும். அங்கே இருக்கும்போது எளிதாக முடியும் இந்த வேலைக்கு, சென்னையிலிருந்து முயன்றால் யாரையாவது பிடித்து, அசல் சான்றிதழைக் கூரியரில் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும்.